என் நம்பரில் இருந்த கோட்டைகள்

கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்பவனுக்கு குடோன் வாடகை மிச்சம். ஆனால் அந்தப் பொருள் ஒருநாள் காணாமல் போனால், 'உள்ளே வந்து தேடிப் பாருங்கள்' என்று திறந்துவிட அவனிடம் ஒரு கதவும் இருக்காது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பட்டா நகல், போன் ரீசார்ஜ். கூடவே ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் ரீசார்ஜ். என்னைப்போல கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செய்தவன் எங்கோ இருப்பான், வாங்கியவர் வீட்டில் இருப்பார், பிடிக்க வாகாக இருப்பது நம் சட்டைக் காலர் ஒன்றுதான். நான் கொஞ்சம் பயந்த சுபாவம். ஐம்பதைத் தாண்டிய பிறகு அது குறையும் என்றார்கள். குறையவில்லை.

நம்பர் யாருடையது

அந்த விளையாட்டின் இங்கிலீஷ் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'கோட்டை' என்றால் போதும். போனில் ஒரு தீவு. அதில் நாம் ஒரு கோட்டை கட்ட வேண்டும். நாம் பார்க்காத நேரத்தில் எவனாவது வந்து அடித்துவிட்டுப் போவான். அதனால் சேக்காளிகள் ஒருவர் கோட்டைக்கு ஒருவர் காவல்காரர்களை அனுப்பலாம். அனுப்பியவருடைய கொடி அந்தக் காவல்காரர்கள் கையில் இருக்கும். மதில் உயர, கதவு கனக்க, வைரம் என்று ஒன்றை வாங்க வேண்டும். அந்த வைரத்தைத்தான் நான் விற்றேன்.

கணக்கு தொடங்க போன் நம்பர், மெயில், கார்டு எல்லாம் கேட்கும். மில் வேலைக்குப் போகிறவர்கள் கார்டு நம்பரை போனில் போடப் பயப்படுவார்கள். காசைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே போட்டு விடுங்க" என்பார்கள். நானும் என் நம்பரில் கணக்கைத் தொடங்கி, என் கார்டில் வைரம் வாங்கிக் கொடுப்பேன். ஓ.டி.பி. எனக்கு வரும், நான் படித்துச் சொல்வேன். ராஜபாளையத்தில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். பட்டாளத்துக்குப் போன பையன்கள்கூட எங்கோ பனிமலையில் இருந்துகொண்டு, "அண்ணாச்சி, ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

பேச்சியம்மாள் பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை பார்க்கிறவள். உன் வீட்டுக்காரர் நம்பரையாவது கொடேன் என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "அந்த மனுசன் போனுக்கு மெசேஜ் போச்சுன்னா அவரும் விளையாட ஆரம்பிச்சிருவாரு" என்றாள். பிறகு, நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, சமாதானமாகச் சொன்னாள்:

"நம்பர் யாருதா இருந்தா என்ன அண்ணாச்சி, கோட்டை என்னுதுதான?"

அன்புள்ள வீரரே

ஒருநாள் காலையில் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தும்போது போன் சத்தம் போட்டது. எடுப்பதற்குள் இன்னொரு தடவை. பிறகு நிற்கவே இல்லை, வண்டு மாதிரி மேசையில் சுற்றி வந்து கீழே விழுந்தது. எல்லாம் ஒரே செய்தி. 'அன்புள்ள வீரரே, எங்கள் பயணம் நிறைவடைகிறது' என்று ஆரம்பித்து, இன்ன தேதியோடு விளையாட்டு மூடப்படும், வாங்கிய வைரங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று முடிந்தது. எத்தனை கோட்டை என் நம்பரில் இருந்ததோ அத்தனை தடவை நான் அன்புள்ள வீரன் ஆனேன். கையில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை மறந்துபோனேன். சுட்டபிறகுதான் தெரிந்தது.

பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் காதர் பாய் சத்தம் கேட்டு வந்தார். படித்துக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்காமல் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"மாப்ள, நான் வித்த செருப்பு அறுந்தா இந்தா இங்கனயே தைச்சுக் குடுத்திருவேன். நீ வித்தது அறுந்தா எங்க கொண்டுபோய்த் தைப்ப?"

பொத்தான்

அறிவிப்பைத் தமிழில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். வந்தவர்கள் படித்துவிட்டு கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கம்பெனியின் விதிமுறைகளை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுக்கப் படித்திருந்தேன். அதில் எங்கோ அடியில் ஒரு வரி இருந்தது: உங்களுக்கு எதுவும் விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும் தரப்பட்டது, அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவளுக்குச் சொன்னேன். என் குரல் எனக்கே கம்பெனிக்காரன் குரல் மாதிரி கேட்டது.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போனைத் திறந்து, வைரம் வாங்கும் இடத்துக்குப் போய், பச்சை நிறத்தில் இருந்த பொத்தானைக் காட்டினாள். இந்தச் சந்தில் என் கடைக்கு வாடகை கொடுக்கும்போதுகூட வாடகை என்றுதான் சொல்கிறோம், விலை என்று யாரும் சொல்வதில்லை என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

"இதுல 'வாங்கு'ன்னுதான போட்டிருக்கு? 'செத்த நேரம் வச்சுக்கோ'ன்னு போட்டிருந்தா நான் ஏன் அண்ணாச்சி அமுக்கப் போறேன்?"

சேத்தூரிலிருந்து ஒருவர்

சுபேதார் வேல்சாமி சேத்தூர்க்காரர். பட்டாளத்தில் ரிட்டயர்டு ஆனவர். புல்லட்டை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஒரு வருடத்துக்கு முன்னால் திடீரென்று வந்து, தனக்கும் ஒரு கோட்டை வேண்டும் என்றார். நம் ஊர்ப் பையன்கள் இருக்கும் கூட்டத்தில் சேர்த்துவிட வேண்டும், ஆனால் பெயர் மட்டும் தன்னுடையதாக இருக்கக்கூடாது, 'அய்யனார்' என்று போட வேண்டும் என்றார். போட்டேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பெரிய மீசைக்காரர்களிடம் நான் கேள்வி கேட்பதில்லை.

அறிவிப்பைப் படித்தவர், கண்ணாடியிலிருந்து அதை அப்படியே உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு யாரு பொறுப்பு?" என்றார். கம்பெனி என்றேன். "கம்பெனிய எனக்குத் தெரியாது. நான் காசு குடுத்தது உம்ம கையில" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் சிரிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னால் அது கோயிலைப் பற்றிய பேச்சில்லை, கோர்ட்டைப் பற்றியது. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் பாப்பேன். பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்லதான்வே ஒமக்கும் எனக்கும் பேச்சு."

வெள்ளைச் சட்டை

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களில் நோட்டீஸை எதிர்பார்த்துக் கடை திறந்தவர்களுக்குத் தெரியும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி சாந்தா, "நீங்க என்ன அவிய வீட்டுக் கதவ ஒடச்சா எடுத்தீக?" என்றாள். எடுக்கவில்லைதான். ஆனால் நான் என்ன செய்தேன்? விற்றேனா, விற்கவில்லையா? ஒரு நாளைக்கு இரண்டு விதமாகவும் எனக்குள் வாதாடுவேன். இரண்டு பக்கமும் தோற்கும்.

ஒரு மத்தியானம் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் ஃபைலோடு ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கி, கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். நோட்டீஸ் கொண்டுவரும் கோர்ட் ஆமீன் என்று முடிவு கட்டிவிட்டேன். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போகவும் நேரமில்லை. அவர் ஃபைலைத் திறந்து, வேலைக்கு மனுப் போட போட்டோ எடுக்க வேண்டும் என்றார். பயம் தெளியாமலே எடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்ததை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்து வரைக்கும் நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி. தலையப் பொறவு அனுப்பி வைப்பீகளோ?"

நீலக்கொடி

வாரம் முடிந்ததும் சுபேதார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தார். அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. உட்கார்ந்து போனை என் பக்கம் நீட்டினார். அவருடைய கோட்டை. மதில்மேல் காவல் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"இங்கன தினமும் நீலக்கொடி நிக்கும். என் மவன் முத்துக்குமார் அனுப்புறது. நாலஞ்சு நாளாக் காணும்."

முத்துக்குமாரை எனக்குத் தெரியும். என் கடையில் கணக்குத் தொடங்கி, பிறகு பட்டாளத்துக்குப் போனவன். இப்போது எல்லையில் இருக்கிறான். அவர் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவருடைய மனைவி இறந்தபோது மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கருமாதிக்கும் வர முடியவில்லை. அவன் போன் செய்து அழுதபோது இவர், "பெத்தவளுக்குக் கொள்ளி போட வராதவன் இனி எதுக்கும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர், லீவு எப்படி மறுக்கப்படும் என்று தெரிந்தவர், அவரே அதைச் சொன்னார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவன் இந்த விளையாட்டில் இருப்பதைக் கேள்விப்பட்டு, வேறு பெயரில் வந்து சேர்ந்திருக்கிறார். யாரென்று தெரியாமலே அவன் அய்யனாருக்குக் காவல் அனுப்பியிருக்கிறான். காலையில் நீலக்கொடியைப் பார்த்தால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் காப்பி.

ஒரு போன் போட்டுப் பேசிவிடலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"எனக்குக் காசு வேண்டாம்வே. அவன் கொடி வருத வரைக்கும் இத மூடக்கூடாதுன்னு ஒரு ஸ்டே வாங்கணும். அம்புட்டுதான்."

எதிர்தரப்பு

இருவரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவரிடம் வழக்கு இருந்தது, என்னிடம் அதற்கான ஆதாரம் இருந்தது. சேர்ந்து போகாமல் வழியில்லை. வக்கீல் ஜெயராணி நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"கணக்கு இவர் நம்பர்ல, பணம் போனது இவர் கார்டுல. அதனால சுபேதார் எங்ககிட்ட எதையும் வாங்கலன்னு கம்பெனி சொல்லும். சரி, இவர் கேட்டா? நீ விக்கிறதுக்காக வாங்கின கடைக்காரன், நீ நுகர்வோரே இல்லைன்னு சொல்லும். ஆகமொத்தம் வாங்கினவர்னு யாருமே இல்ல."

வழி ஒன்று உண்டு என்றார். 'இவரிடம் காசு வாங்கிக்கொண்டு நான்தான் விற்றேன்' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் கம்பெனியோடு சேர்த்து நானும் எதிர்தரப்பு. என் மீதும் வழக்கு. ஒரே ஆள் பெயரில் இத்தனை கணக்கு ஏன் என்று கம்பெனி என்னைத் திருப்பிக் கேட்கலாம். ஜெயிக்குமா என்று கேட்டேன். இப்படி ஒரு வழக்கைத் தான் பார்த்ததில்லை என்றார். ஸ்டே கேட்டுப் பார்க்கலாம், ஆனால் தாள்கள் நகர்வதற்குள் மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

நான் விற்கவில்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். கம்பெனியே அந்த வாக்கியத்தை எனக்காக எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நான் விற்கவில்லை என்றால் இவர் வாங்கவில்லை. பேச்சியம்மாள் வாங்கவில்லை. இவ்வளவு நாள் அந்தப் பச்சைப் பொத்தானை யாரும் அமுக்கவேயில்லை என்று ஆகிவிடும். துணிச்சலில் கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். போடாமல் அவரோடு ஒரே பஸ்ஸில் திரும்பி வரப் பயந்துதான் போட்டேன். கடை முகவரியையும் நானே சொன்னேன். நோட்டீஸ் தப்பான இடத்துக்குப் போய்விடக் கூடாதே.

திரும்பும்போது கண்டக்டரிடம் இரண்டு ராஜபாளையம் என்று நான் காசை நீட்டினேன். சுபேதார் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"எதிர்தரப்பு எனக்கு டிக்கெட் எடுக்கக் கூடாதுவே. நாளைக்கு அதுவும் ஒரு கேஸாயிரும்."

மஞ்சள் கொடி

வக்கீல் சொன்னபடியே ஸ்டேக்கு முன்னால் அந்தத் தேதி வந்துவிட்டது. மூடும் நேரம் நம் ஊருக்குப் பகலில் விழுந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். கடையில் ஒரு சாவு வீட்டுக் களை. சுபேதார் மூலை நாற்காலியில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலக்கொடி வரவில்லை. செய்திகளில் எல்லையைப் பற்றி ஏதாவது வந்தால் நானே சேனலை மாற்றிவிடும் அளவுக்கு அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவர் எழுந்தார். மதில்மேல் காவல்காரர்கள் நின்றார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கொடி மஞ்சள். யாருடையது என்று அவர் சுற்றிப் பார்த்துக் கேட்டார். பேச்சியம்மாள் வாசலில் நின்றபடியே கையைத் தூக்கினாள். அவளுக்கு அவருடைய மகனைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். செத்த நேரத்தில் கடல், தீவு, மதில், கொடி எல்லாம் போய்த் திரை வெள்ளையானது. பேச்சியம்மாள் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"முடியப் போறதுன்னாலும் காவலில்லாம நிக்கலாமாய்யா? அதான் அனுப்புனேன்."

ஓ.டி.பி. இல்லாத போன்

மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. வக்கீலா, கம்பெனியா, கோர்ட்டா என்று மூன்று பயத்தையும் பட்டு முடித்துவிட்டு எடுத்தேன். காற்று இரைந்தது.

"அண்ணாச்சி, சேத்தூர் முத்துக்குமார் பேசுதேன். மலைமேல போஸ்ட்ல இருந்தோம், சிக்னலே இல்ல. எறங்கி வந்து பாத்தா கோட்டையே இல்ல. கடை நம்பரு மட்டுந்தான் ஞாபகத்துல இருந்துச்சு." பிறகு கேட்டான்: "அந்த அய்யனார் நல்லா இருக்காகளா?"

எந்த அய்யனார் என்று தெரியாதவன்போலக் கேட்டேன். "அவிய எங்கப்பான்னு எனக்கு மொதல்லயே தெரியும் அண்ணாச்சி. வேற யாரு காலையில சரியா நாலரை மணிக்கு எந்திரிச்சு மதிலச் சுத்தி வருவா? தெரியும்னு சொல்லிறாதீக. நான் கேட்டேன்னும் சொல்லாண்டாம். நல்லா இருக்கேன்னு மட்டும் அவிய காதுல விழுற மாதிரி வேற யார்ட்டயாவது சொல்லுங்க."

மறுநாள் சுபேதாரின் புல்லட் சத்தம் கேட்டதும் காதர் பாயைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். "பாய், நம்ம முத்துக்குமார் மலையிலருந்து எறங்கிட்டானாம், சொகமா இருக்கானாம்" என்று சந்து முழுக்கக் கேட்கச் சொன்னேன். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த முத்துக்குமார்?" என்றார். சுபேதார் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. நோட்டீஸ் வந்ததா என்று என்னிடம் விசாரித்தார். இன்னும் இல்லை என்றேன். வண்டியைக் கிளப்பினார், அணைத்தார், மறுபடி கிளப்பினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அடுத்த தடவ பேசுனான்னா நெஞ்சுச் சளி எப்படி இருக்குன்னு கேளும். நீராக் கேக்குற மாதிரி."

நோட்டீஸுக்கு இன்னும் பயந்துகொண்டுதான் கடை திறக்கிறேன் என்றாலும், கம்பெனி மூடிவிட்டுப் போன ஆட்டம் இப்போது அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் என் போனில் நடக்கிறது, 'எங்கள் பயணம் நிறைவடைகிறது' என்று கண்ணாடியில் ஒட்டிவிட்டு அதை மூட எனக்குத்தான் எந்த விதிமுறையும் இல்லை.